எண்ணாத செலவுக்கு எல்லை இல்லை

மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு உண்டு. மாதாமாதம் மருந்துக் கடையில் கரையும் பணத்துக்குக் கணக்கே இல்லை. காப்பீட்டுத் திட்டங்கள் இந்தக் கணக்கை எழுதத் தொடங்கினால்தான் அந்தச் செலவுக்கு ஒரு வரம்பு பிறக்கும்.

மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கும் ஒரு குடும்பத்திடம், போன வருடம் மருத்துவமனையில் சேர்ந்த வகையில் எவ்வளவு செலவானது என்று கேட்டால் ரூபாய் சுத்தமாகப் பதில் வரும். அறை வாடகை இவ்வளவு, ஸ்கேன் இவ்வளவு, காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது இவ்வளவு, கையிலிருந்து போட்டது இவ்வளவு என்று எல்லாம் ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும். அதே குடும்பத்திடம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்குமாக ஒரு வருடத்தில் வாங்கிய மாத்திரைகளுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டால், 'மாசம் ரெண்டாயிரம், மூவாயிரம் ஆகும்' என்ற தோராயம்தான் கிடைக்கும். குடும்பத்தை விடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. தெரியாத செலவுக்கு உச்சவரம்பு கேட்க முடியாது. அதற்குக் காப்பீடு கேட்கவும் முடியாது, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவும் முடியாது. ஆகவே, ஒருவர் மருந்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயையும் வருடக் கணக்கில் எழுதிக் காட்டுவது காப்பீட்டுத் திட்டத்தின் கடமையாக வேண்டும். பணம் தருவது பிறகு இருக்கட்டும். முதலில் கணக்கு வேண்டும்.

நோய் ஒரு பக்கம், காப்பீடு இன்னொரு பக்கம்

2017-18-ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-வது சுற்று இரண்டு எண்களைத் தந்தது. ஒரு வருடத்தில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள், பிரசவம் நீங்கலாக, நூற்றுக்குச் சுமார் 3 பேர். கணக்கெடுப்புக்கு முந்தைய 15 நாட்களில் மட்டும் ஏதோ ஒரு நோயால் அவதிப்பட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 7 பேருக்கும் மேல். முதல் எண் ஒரு முழு வருடத்துக்கானது, இரண்டாவது இரண்டே வாரத்துக்கானது என்பதைக் கவனித்தால் விஷயம் விளங்கும். நம் மக்களின் நோய்களில் ஆகப் பெரும்பாலானவை மருத்துவமனைக் கட்டிலுக்கு வருவதே இல்லை. டாக்டரின் மருந்துச் சீட்டோடு தொடங்கி மருந்துக் கடையில் முடிகின்றன. ஆனால் நம் காப்பீடுகளில் பெரும்பாலானவை கட்டிலைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கின்றன. ஒருவர் உள்நோயாளியாகச் சேரும்போதுதான் காப்பீடு கண் விழிக்கிறது. அவர் டிஸ்சார்ஜ் ஆன சில வாரங்களில் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறது.

அந்தச் சில வாரங்கள் எத்தனை என்பதும் பாலிசிப் பத்திரத்திலேயே இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் கொண்டுவந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாட்களும் வெளியே வந்த பின் 60 நாட்களும் ஆகும் மருந்துச் செலவுக்குப் பணம் உண்டு. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனாவில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அதில் சேர்வதற்கு முன் 3 நாள், வெளியே வந்த பின் 15 நாள். தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருவதும் மருத்துவமனைச் சிகிச்சைக்கான திட்டமே. இதய அறுவை சிகிச்சை செய்ய முடியாமல் தவித்திருக்கக்கூடிய எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது. அந்தப் பெருமையில் ஒரு குன்றிமணி அளவும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரை எந்தக் கணக்கில் வருகிறது என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் விடை இல்லை.

இந்தக் கேள்வி எத்தனை வீடுகளைத் தொடுகிறது? சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகவும் அது சொன்னது. இவை வந்து போகும் நோய்கள் அல்ல. ஒருமுறை மாத்திரை தொடங்கினால் ஆயுள் வரை தொடரும். மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 24,000. பத்து வருடத்தில், விலையே ஏறாது என்று நம்பினாலும், 2,40,000 ரூபாய். கணவன், மனைவி இருவரும் மாத்திரை சாப்பிடும் வீட்டில் அது இரட்டிப்பு. ஒரு நடுத்தர அறுவை சிகிச்சைக்கான தொகை இது. ஒரே நாளில் கட்டச் சொன்னால் குடும்பமே பதறியிருக்கும். முப்பது முப்பது நாளாகத் துண்டு போட்டுத் தருவதால் யாரும் பதறுவதில்லை. பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

கணக்கு ஏன் காணாமல் போனது?

இதற்கு மக்களின் அலட்சியத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் காரணம் வேறு. கணக்கு வைத்தால் ஏதாவது கிடைக்கும் என்றால் மக்கள் கட்டாயம் வைப்பார்கள். நம் நாட்டில் வைத்துமிருந்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள் ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை மருத்துவ பில்களை அலுவலகத்தில் கொடுத்து வரிவிலக்கோடு திரும்பப் பெறும் வசதி பல ஆண்டுகள் இருந்தது. அந்தக் காலத்தில் மருந்துக் கடையில் பில் கேட்டு வாங்குவது வழக்கம். 2018 மத்திய பட்ஜெட் அதையும் போக்குவரத்துப் படிக்கான விலக்கையும் எடுத்துவிட்டு, 40,000 ரூபாய் நிலையான கழிவு என்று ஒரேயடியாகக் கொடுத்தது. காகித வேலை குறைந்தது உண்மை. கூடவே, சம்பளக்காரர் வீடுகளில் மருந்து பில்லைச் சேர்த்துவைக்க இருந்த முக்கியக் காரணமும் மறைந்தது. இன்று மிச்சமிருப்பது வருமான வரிச் சட்டத்தில் உள்ள ஒரு சிறு கதவு: மருத்துவக் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம்; ஆனால் ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது, பழைய வரி முறையில் இருக்க வேண்டும். காப்பீடு எடுத்திருக்கும் முதியவருக்கு அந்தக் கதவும் மூடியே இருக்கிறது. முன்யோசனையோடு பாலிசி எடுத்தவரின் மாத்திரைச் செலவை வரிச் சட்டமும் பார்ப்பதில்லை, பாலிசியும் பார்ப்பதில்லை.

நாட்டளவிலும் நிலைமை இதுதான். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கை சொல்கிறது. சுமை குறைந்துகொண்டுதானே வருகிறது, இன்னும் ஏன் கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அரசுகள் மருத்துவத்துக்கு முன்பைவிட அதிகம் செலவிடுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த 39.4 என்ற எண் பில்களைக் கூட்டி வந்ததல்ல. சில வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் மாதிரிக் கணக்கெடுப்பில், மருத்துவத்துக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று வீடுகளில் கேட்டு, அந்த ஞாபகத்தை அடிப்படையாக வைத்து மற்ற ஆண்டுகளுக்கு நீட்டி மதிப்பிட்டது. ஒரு நாட்டின் மருந்துச் செலவு அதன் குடிமக்களின் ஞாபக சக்தியை நம்பி இருக்கிறது. மேலும் சராசரி என்பது மாத்திரையே தொடாத இளைஞரையும், தினம் எட்டு மாத்திரை விழுங்கும் முதியவரையும் ஒரே தட்டில் வைப்பது. அந்த முதியவருக்குச் சராசரி குறைந்ததால் கடையில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

எண்ணியவர்கள் கண்ட வழி

மருந்துச் செலவை எண்ணுவதைச் சட்டமாகவே ஆக்கிய நாடு அமெரிக்கா. அங்கே 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டில் 2003-ல் இயற்றிய சட்டத்தால் 2006 ஜனவரி முதல் 'பார்ட் டி' என்ற மருந்துக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் அதன் அமைப்பு விசித்திரமானது. முதல் 250 டாலர் நோயாளியின் பொறுப்பு. அதன் பிறகு மொத்த மருந்துச் செலவு 2,250 டாலர் ஆகும்வரை கால் பங்கு நோயாளி, முக்கால் பங்கு காப்பீடு. அதற்கு மேல் ஒரு பெரிய பள்ளம்: நோயாளி தன் கையிலிருந்து போட்டது 3,600 டாலரைத் தொடும்வரை முழுச் செலவும் அவருடையது. அதைத் தாண்டினால் மறுபடி காப்பீடு வந்து பெரும்பங்கை ஏற்கும். நடுவில் ஓட்டை விழுந்த வடையைப் போன்ற இந்த ஏற்பாட்டை அங்கே 'டோனட் ஹோல்' என்றே அழைத்தார்கள். அந்தப் பள்ளத்தில் விழுந்து, மாத்திரையை நிறுத்திய முதியவர்களின் துயரம் அமெரிக்க அரசியலில் பல ஆண்டுகள் பேசப்பட்டது.

ஆனால் அந்தக் குறையுள்ள சட்டத்திலும் ஒரு விதை இருந்தது. நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், அவர் தன் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பதை எண்ணித்தான் ஆக வேண்டும். அந்தத் தொகைக்கு 'உண்மையான கைச்செலவு' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். மருந்துக் கடையில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையும் ஒரு பதிவாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கும், அங்கிருந்து அரசுக்கும் போகிறது. மருந்து வாங்கிய மாதத்துக்கெல்லாம் உறுப்பினருக்கு ஒரு விவரச் சீட்டு வருகிறது: நீங்கள் கொடுத்தது இவ்வளவு, திட்டம் கொடுத்தது இவ்வளவு, வருடத் தொடக்கத்திலிருந்து மொத்தம் இவ்வளவு, வரம்பைத் தொட இன்னும் இவ்வளவு. வருட நடுவில் வேறு திட்டத்துக்கு மாறினாலும் பழைய கணக்கு கூடவே போகும்.

இப்படி எண்ணியதன் பலன் மெதுவாக வந்தது. ஆனால் நிச்சயமாக வந்தது. 2010-ல் ஒபாமா காலத்துச் சட்டம் அந்தப் பள்ளத்தைப் படிப்படியாக மூடத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் கையெழுத்தான சட்டம் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர்தான் என்று 2023-ல் கட்டுப்படுத்தியது. 2025 முதல் ஒருவர் தன் மருந்துக்கு வருடத்துக்கு 2,000 டாலருக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை என்று வரம்பு கட்டியது. 2026-ல் அந்த வரம்பு 2,100 டாலர். அதே சட்டம் இன்னொன்றும் செய்தது. எந்த மருந்துகளுக்கு மெடிகேர் அதிகமாகச் செலவழிக்கிறது என்று கணக்குப் பார்த்து, அந்த வரிசைப்படி 10 மருந்துகளைத் தேர்ந்து, அரசே உற்பத்தியாளர்களோடு விலை பேசியது. அந்தப் பத்தில் ஒன்று சர்க்கரை நோய்க்கான ஜார்டியன்ஸ். ஒரு மாத மருந்தின் பட்டியல் விலை 573 டாலர்; பேசி முடித்த விலை 197 டாலர், 2026 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. எந்த மருந்தை முதலில் பேச வேண்டும் என்று சுட்டிக்காட்டியது வருடக்கணக்காகச் சேர்ந்த அந்தப் பதிவுகள்தாம்.

அமெரிக்காவிடமிருந்து எச்சரிக்கையும் கற்க வேண்டும். 2003 சட்டமே அரசு விலை பேசக் கூடாது என்று தடுத்திருந்ததால், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எண்ணுவது நடந்தும் விலை குறையவில்லை. எண்ணுவது விளக்கு, நடப்பது அரசியல் துணிவு. இரண்டாவதாக, எது கணக்கில் சேரும், எது சேராது என்ற விதிகள் முதியவர்களைத் திணறடித்தன. கட்டிய பிரீமியம் சேராது. திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுத்தது சேராது. தள்ளுபடி அட்டையைக் காட்டி திட்டத்துக்கு வெளியே மலிவாக வாங்கியதும் சேராது. நாம் ஒரு கணக்கை வடிவமைத்தால், 'டாக்டர் எழுதியது, உரிமம் பெற்ற கடையில் வாங்கியது, எல்லாம் சேரும்' என்ற ஒரே வரியில் அது அடங்க வேண்டும். வேறு நாடுகளையும் பார்க்கலாம். ஜெர்மனியில் சட்டரீதியான காப்பீட்டில் உள்ளவர் தன் பங்காகக் கட்டும் தொகை குடும்ப ஆண்டு வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால் மிச்ச வருடத்துக்கு விலக்கு. நீண்டகால நோயாளிக்கு 1 சதவீதமே போதும். ஆஸ்திரேலியாவில் குடும்பம் முழுவதன் மருந்துச் செலவும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, ஒரு வரம்புக்குப் பிறகு விலை சட்டென்று குறைகிறது. நாடுகள் வேறு, முறைகள் வேறு. எல்லாவற்றிலும் வரம்புக்கு முன்னால் வந்தது கணக்கு.

நம் ஊரில் இல்லாத வழியா?

இதெல்லாம் பணக்கார நாடுகளின் கதை என்று ஒதுக்க வேண்டாம். மருந்தைக் கணக்கில் கொண்டுவருவதில் தமிழ்நாடே நாட்டுக்குப் பாடம் சொன்ன மாநிலம். 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் முறையையே மாற்றியது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதற்கு ஒதுக்கிய மருந்துத் தொகையை எழுதிய ஒரு பாஸ்புக் தந்தது. மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும்போதெல்லாம் அந்தத் தொகை அதில் கழிக்கப்படும். வங்கிக் கணக்கைப் போல, எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று மருத்துவமனைக்கும் தெரியும், கழகத்துக்கும் தெரியும். எந்த மருந்து எங்கே எவ்வளவு தேவை என்பது இப்படித்தான் புலப்பட்டது. மொத்தமாகப் பேசி மலிவாக வாங்கவும் முடிந்தது. பல மாநிலங்கள் இந்த முறையைப் பின்பற்றின. மருத்துவமனைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த அந்தப் பாஸ்புக், இன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக் கூடாதா என்பதே நம் கேள்வி.

காப்பீடு என்றால் மாத்திரைக்கு இடமில்லை என்பதும் இந்த நாட்டின் மரபல்ல. 1948-ல் சட்டமாகி 1952-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ., தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் மருந்தகத்தில் வெளிநோயாளியாகவே மருந்து தருகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களிடமிருந்து 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் வசூலித்து அது நடக்கிறது. அதன் மருந்தகங்களில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் குறைந்த சம்பளக்காரரின் அன்றாட மருந்தையும் காப்பீட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலான சாட்சி அது.

கணக்கு எழுதும் சட்டமும் ஏற்கெனவே நம் கையில் உண்டு. மருந்துச் சீட்டின் பேரில் விற்கும் மருந்தைப் பதிவேட்டிலோ ரசீதுப் புத்தகத்திலோ எழுத வேண்டும் என்பது மருந்து விதிகளில் பல காலமாக இருப்பது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்-1' பட்டியல், வீரியமான ஆன்டிபயாடிக்குகள் உள்ளிட்ட சில மருந்துகளுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் கியூ.ஆர். குறியீடு அச்சிட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயம். மருந்து எங்கே தயாராகிறது, எந்த பேட்ச் என்பதெல்லாம் தடம் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டன. தடமே இல்லாமல் இருப்பது அதை வாங்கியவரின் பணம் மட்டும்தான்.

அந்தத் தடம் கிடைத்தால் என்ன தெரியும் என்பதற்கு, மேலே சொன்ன ஜார்டியன்ஸ் மாத்திரையே உதாரணம். அதன் மருந்துப் பெயர் எம்பாக்ளிப்ளோசின். 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தது. அன்றிலிருந்து பல இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரிக்கின்றன. ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய்க்கு விற்ற மருந்து 10 ரூபாய்க்கும் கீழே கிடைக்கத் தொடங்கியது. பழைய சீட்டையே நீட்டிப் பழைய பிராண்டையே வாங்கும் நோயாளிக்கு இதை யார் சொல்வார்கள்? தினம் ஒரு மாத்திரை என்றாலும் வருடத்தில் 18,000 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம். மாதாமாதம் ஒரு விவரச் சீட்டு வந்து, 'இதே மருந்து இன்ன விலைக்கு அரசின் மலிவு விலைக் கடைகளான மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கிடைக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்' என்று ஒரு வரி அதில் இருந்தால், அது மட்டுமே பாலிசியின் பிரீமியத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்திவிடும்.

மறுப்புகளும் விடைகளும்

காப்பீட்டுத் துறையினர் சொல்லும் முதல் மறுப்பு வலுவானது. காப்பீடு என்பது எதிர்பாராத பேரிழப்புக்கு. மாதாமாதம் வரும் என்று தெரிந்த செலவைக் காப்பீட்டில் போட்டால், அந்தச் செலவோடு நிர்வாகச் செலவும் சேர்ந்து பிரீமியமாகத் திரும்பி வரும் என்கிறார்கள். முதல் மாத்திரையிலிருந்தே காப்பீடு பணம் தர வேண்டும் என்று கேட்டால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நாம் கேட்பது வரம்பு. ஒரு வருடத்தில் குறிப்பிட்ட தொகை வரை குடும்பமே கட்டட்டும். அதற்கு மேல் போனால் காப்பீடு ஏற்கட்டும். வாயால் விழுங்கும் புற்றுநோய் மருந்தோ, சிறுநீரகம் மாற்றியவருக்கான எதிர்ப்புத் தணிப்பு மருந்தோ ஒரு வீட்டுக்குத் தேவைப்படும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதுதான் உண்மையான எதிர்பாராத பேரிழப்பு. மேலும், விலை தாங்காமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்துபவர் சில வருடங்களில் டயாலிசிஸுக்கோ கால் புண்ணுக்கோ மருத்துவமனையில் சேர்கிறார். அந்த பில்லை அதே காப்பீட்டு நிறுவனம் கட்டுகிறது. விழுங்காத மாத்திரைக்கான விலையை நிறுவனங்கள் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாததும் கணக்கு இல்லாததால்தான்.

இரண்டாவது மறுப்பு: அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது, 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தாயிற்று, பிறகு எதற்கு இது? இவை எல்லாம் நல்ல திட்டங்கள், இன்னும் பெருக வேண்டியவை. ஆனால் தனியார் டாக்டரிடம் காட்டித் தனியார் கடையில் வாங்குபவர்கள் ஏராளம். வேலை நாளில் வரிசையில் நிற்க முடியாதவர்கள், எழுதிய மருந்து அரசுப் பட்டியலில் இல்லாதவர்கள் என்று அதற்குக் காரணங்கள் பல. கணக்கு இருந்தால்தான் இலவசத் திட்டத்தின் அருமையே தெரியும். எந்த ஒன்றியத்தில் மக்கள் எந்த மருந்தை வெளியே காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த மாதம் எந்த மருந்தைக் கூடுதலாக அனுப்ப வேண்டும் என்று அரசுக்கும் தெரியும்.

பொய் பில் பெருகும் என்பது மூன்றாவது அச்சம். பணமே தராமல் கணக்கு மட்டும் எழுதும் முதல் கட்டத்தில் பொய் பில்லால் யாருக்கும் லாபம் இல்லை. இரண்டாம் கட்டத்தில் வரம்பைத் தாண்டுவோருக்குப் பணம் தரும்போது, கையில் எழுதிய சீட்டை ஏற்காமல், கடையின் கணினியிலிருந்து உரிம எண், பேட்ச் எண், டாக்டரின் பதிவு எண்ணோடு நேராக வரும் பதிவை மட்டும் ஏற்றால் போதும். பல கடைகள் கணினி பில்லுக்கு மாறியிருக்கின்றன. கணினி இல்லாத கிராமத்துச் சிறு கடைகளுக்கு அரசே எளிய செயலியும் கால அவகாசமும் தர வேண்டும். அந்தச் சுமையைக் கடைக்காரர் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது.

நான்காவது மறுப்புத்தான் எல்லாவற்றையும்விடக் கனமானது. மாத்திரையின் பெயர் நோயின் பெயர். மனநல மருந்தோ எச்.ஐ.வி. மருந்தோ வாங்குபவரின் விவரம் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ போனால் அவர் வாழ்க்கை நொறுங்கிவிடும். இந்த அச்சத்தைத் தட்டிக்கழிக்கும் எந்தத் திட்டமும் வரவே கூடாது. 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் ரகசியத்தைக் காக்கிறது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரச் சொல்கிறது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. இவற்றின் மேல் ஒரு திட்டவட்டமான விதி வேண்டும்: கணக்குக்கு நிறுவனம் காண வேண்டியது தொகை மட்டுமே, மருந்தின் பெயர் நோயாளிக்கும் டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் உரியது, இந்தக் கணக்கைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றுவதோ புதுப்பிக்க மறுப்பதோ தண்டனைக்குரிய குற்றம். சேர்வதும் விலகுவதும் நோயாளியின் விருப்பம். இந்த உறுதி இல்லாவிட்டால் கணக்கே வேண்டாம் என்று சொல்ல மக்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

தொடங்க வேண்டிய இடம்

இதைச் செய்ய மூன்று படிகள் போதும். முதல் படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தினுடையது. ஒரு மணி நேரத்தில் கேஷ்லெஸ் அனுமதிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று 2024-ல் நிறுவனங்களுக்குக் கெடு வைத்த ஆணையம், விரும்பும் ஒவ்வொரு பாலிசிதாரருக்கும் வருட மருந்துச் செலவு விவரச் சீட்டு தர வேண்டும் என்றும் ஆணையிடலாம். இரண்டாவது படி தமிழ்நாடு அரசினுடையது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன, பாஸ்புக் நடத்திய அனுபவம் இருக்கிறது. மூன்றையும் இணைத்துக் குடும்பத்துக்கு ஒரு மருந்துப் பாஸ்புக் என்று ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். மூன்றாவது படி, சில வருடக் கணக்கு சேர்ந்ததும், குடும்ப வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் யாரும் மருந்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரம்பைச் சட்டமாக்குவது. எந்த சதவீதம், எவ்வளவு நிதி என்று இன்று யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் கணக்கு வேண்டும் என்கிறோம்.

அரசும் ஆணையமும் அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதம் மருந்துக் கடைக்குப் போகும்போது பில் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் விலையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, மருந்து, தொகை என மூன்றே பத்தி போட்டு எழுதி வாருங்கள். ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்து, அந்த நோட்டை அப்படியே டாக்டரிடம் காட்டி, இதில் எதை விடலாம், எதற்கு மலிவான மாற்று இருக்கிறது என்று கேளுங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் நாளில் நிறுவனத்திடமும், ஓட்டுக் கேட்டு வரும் நாளில் வேட்பாளரிடமும் அந்தக் கூட்டுத்தொகையைச் சொல்லிக் கேளுங்கள். தோராயமாகக் கேட்கும் கேள்விக்குத் தோராயமான பதில்தான் வரும். கணக்கோடு கேளுங்கள், பதில் சொல்லியே ஆக வேண்டும்.